ஜுபைல் துவாரபாலகர்

நேபாளம் வரைக்கும் போய், ஒரு கோயிலுக்குள்ளும் நுழையாமல் திரும்பிய தமிழர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பசுபதிநாதர் கோயிலின் மேற்கு வாசலில் நின்று பார்த்தால் நந்தியின் பின்புறம்தான் தெரியும். தங்கப் பூச்சோடு, ஒரு லாரி அகலத்துக்கு. அவர் அதைத்தான் தரிசித்தார். நான் உள்ளே போனேன். தோல் பெல்ட் கூடாது என்று வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டதால், ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கும்பிட்டேன். பசுபதிநாதர் அன்று என்னிடம் வாங்கியது அரைக் கும்பிடுதான்.

வெளியே வந்து, "என்னண்ணே, இம்புட்டுத் தூரம் வந்து மாட்டு முதுகப் பாத்துட்டுப் போறீங்க" என்றேன். அவர் என் பெல்ட்டையும் செருப்பையும் கொடுத்துவிட்டு, "உள்ள போனவங்க எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். எங்களில் உள்ளே போனது நான் ஒருவன்தான்.

துவாரபாலகர் என்று அவருக்குப் பெயர் வைத்தது நான். சவூதியில், ஜுபைல் கேம்ப்பில் நான் வைத்த பெயர்களில் ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான். எனக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ட்ரம். ஏன் அந்தப் பெயர் என்று என்னை நேரில் பார்த்தவர்கள் யாரும் கேட்டதில்லை. கோயில் துவாரபாலகர் தொப்பையும் கோரைப்பல்லுமாகக் கதாயுதத்தோடு நிற்பார். எங்கள் ஆள் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஒல்லி, ஐம்பதைத் தாண்டியவர். எதையோ எட்டிப் பார்க்கவே வளர்ந்த மாதிரி நீளமான கழுத்து. தொப்பை என்னிடம் இருந்தது. இரண்டு பேரையும் சேர்த்து வைத்தால் முழுசாக ஒரு துவாரபாலகர் தேறுவார்.

அவர் வேலைக்கு ஹோல் வாட்ச் என்று பெயர். ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்கிற ஷட்டவுன் நாட்களில், மூன்று மாடி உயர இரும்புக் கொப்பரைகளுக்குள் ஆட்களை இறக்குவார்கள். உச்சியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். அதுதான் மேன்ஹோல். அதன் வாயருகே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே போகிறவர்களைக் கணக்கு வைத்து அனுப்பி, அதே கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். கடைசி ஆள் வரும்வரை நகரக் கூடாது. ஒன்றுக்குப் போவதென்றாலும் மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான்.

இன்னொரு விதியும் உண்டு. உள்ளே எவனாவது விழுந்துவிட்டால் ஊதலை அடித்து, ரேடியோவில் சொல்லிவிட்டு, மூச்சுக்கருவி மாட்டிய மீட்பு ஆட்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். தானும் இறங்கக் கூடாது, வேறு எவனையும் இறங்க விடக் கூடாது. முதல் ஆளைச் சாய்த்த காற்று அடுத்த ஆளுக்காக அங்கேயேதான் இருக்கும்.

இந்த வேலையைப் பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தால் மனுஷன் என்ன ஆவான் என்பதற்கு அவர்தான் சாட்சி. கேம்ப்பில் குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் தட்டி, "உள்ள எத்தன பேரு?" என்பார். ஒரு ஆள் நின்றாலே முழங்கை இடிக்கிற குளியலறை அது. உள்ளே சோப்பு நுரையோடு நிற்கிற மலையாளி கெட்ட வார்த்தையில் பதில் சொல்வான். பதில் வந்ததே, அது போதும் அவருக்கு. ஆள் நினைவோடு இருக்கிறான் என்று அர்த்தம். பக்கத்து நகரமான கோபரில் ஒரு மாலுக்குப் போயிருந்தபோது எங்களை லிஃப்டில் ஏற்றிவிட்டு, அவர் மட்டும் படியேறி வந்து மூன்றாவது மாடியில் கதவு திறக்கும் இடத்தில் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக எங்களை எண்ணினார். ரூமில் அவர் கட்டில் கதவை ஒட்டி. எட்டுப் பேரும் வந்து படுத்தால்தான் அவருக்குத் தூக்கம். யாராவது தாமதமாக வந்தால் திட்டமாட்டார். எழுந்து உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நான் சேஃப்டி ஸ்டோரில் இருந்தேன். கையுறை, ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் என் கையால்தான் போகும். ஆலைக்கே பாதுகாப்பை வழங்குகிற நான், மாடிப்படியில் தடுக்கி விழுந்து பல் உடைத்துக்கொண்ட வரலாறும் உண்டு.

பிகாஷ் அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு ஷட்டவுனில். நேபாளத்தில் பக்தபூர்க்காரன், முப்பதுக்குள் வயது, சிரித்தால் கண் காணாமல் போய்விடும். கொப்பரைக்குள் இறங்கிச் சுரண்டுகிற வேலை அவனுக்கு. உள்ளே இருக்கிறவன் பேசிக்கொண்டே இருந்தால் வெளியே இருக்கிறவருக்கு நிம்மதி. ஆகவே அவர் அவனை எதையாவது பேசச் சொல்வார். அவன் தன் ஊரைப் பேசுவான். அவனும் அவரும் பேசிய ஹிந்தியைக் கேட்டால் ஹிந்திக்காரர்கள் அழுதுவிடுவார்கள். ஆனால் மேன்ஹோல் வழியாக ஒரு பள்ளத்தாக்கே மேலே ஏறி வந்தது. முதலில் விடியற்காலையில் சுயம்பு ஸ்தூபி, குரங்குகள் ஜாக்கிரதை. பிறகு பசுபதி. பிறகு பௌத்தா ஸ்தூபி, அங்கே வலமாகத்தான் சுற்ற வேண்டும். பாட்டன் என்கிற ஊரில் தங்கக் கோயில். பூடாநீலகண்டாவில் தண்ணீரில் படுத்திருக்கிற நாராயணன். கடைசியாகப் பக்தபூர், ஐந்து அடுக்குக் கோயில், அதன் பின்னால் இரண்டு சந்து தள்ளி எங்கள் வீடு. இந்த வரிசையில்தான் காட்டுவேன், மாற்றினால் ருசிக்காது என்பானாம். அது புத்தர் கோயிலா நம்ம கோயிலா என்று இவர் மேலேயிருந்து கேட்பார். இரண்டும்தான் என்று கீழேயிருந்து சிரிப்பான்.

அந்தக் கொப்பரைக்குள்தான் பிகாஷ் செத்தான்.

சில மாதம் கழித்து எங்கள் ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு பேருக்கும் ஃபைனல் எக்ஸிட், இனி திரும்பி வருவதில்லை என்று பாஸ்போர்ட்டில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் திருச்சிக்கு டிக்கெட் கேட்டார்கள். இவர் காட்மாண்டுக்குக் கேட்டார். அங்கிருந்து பஸ்ஸில் மலையிறங்கி, கோரக்பூரில் ரயில் பிடித்து ஊருக்குப் போய்க்கொள்வாராம்.

"அவங்க அம்மாட்ட ஒரு விஷயம் சொல்லணும்டா ட்ரம்மு. கம்பெனி சொன்னது பாதிதான். மீதிய நான்தான் சொல்லணும்."

என்ன மீதி என்று நான் கேட்கவில்லை. அன்று நானும் அங்கே இருந்தேன். என் டிக்கெட்டையும் காட்மாண்டுக்கு மாற்றிக்கொண்டேன். புண்ணியத்துக்காக என்று வீட்டில் சொன்னேன். என் பெண்டாட்டி நம்பவில்லை, என்னையும் புண்ணியத்தையும் சேர்த்து அவள் இதுவரை பார்த்ததில்லை.

காட்மாண்டு விமான நிலையத்துக்கு வெளியே ஒரு சின்ன லாரி நின்றது. சுற்றி ஏழெட்டுப் பேர். எங்கள் விமானத்தில் எங்களோடு வந்த ஒருவர், எங்களைப் போல நடந்து வெளியே வரவில்லை. அவரை வாங்கிப் போக வந்தவர்கள் அவர்கள். இவர் அந்த லாரி கிளம்பிப் போகும்வரை நின்றுவிட்டுத்தான் டாக்ஸியில் ஏறினார்.

பிகாஷ் சொன்ன வரிசை மாறக் கூடாது என்றார். நேராக வீட்டுக்குப் போய்விடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் காட்டுறேன்னு சொன்னத எல்லாம் பாத்துட்டுத்தான் அங்க போகணும். இல்லன்னா வெறுங்கையோட போற மாதிரி இருக்கும்" என்றார். பயத்தைத் தள்ளிப்போடுகிறார் என்று எனக்குப் பட்டது. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

சுயம்புவில் படிகள் செங்குத்து. பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். என் பிரசாதப் பையை ஒரு குரங்கு பிடுங்கியது. இழுத்தேன், அதுவும் இழுத்தது, சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். கடைசியில் குரங்கு ஜெயித்தது. மேலே வெள்ளை ஸ்தூபி, அதன் தலையில் நாலு பக்கமும் எழுதிய கண்கள். பக்கத்திலேயே அம்மை நோய்க்கு வேண்டிக்கொள்கிற ஓர் அம்மன் சன்னதி. பௌத்தர்களும் இந்துக்களும் ஒரே வரிசையில், படைப்பதற்கு முட்டையோடு நிற்கிறார்கள். பிகாஷ் சொன்னது சரிதான், இரண்டும்தான். இவர் அம்மன் வாசலில் நின்று, உள்ளே போகிற பெண்களையும் வெளியே வருகிற பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு இடித்ததோ என்னவோ, கடைசிப் பாட்டி வரும்வரை நகரவில்லை.

பௌத்தாவில் நான் வலமாகச் சுற்றினேன். அவர் நுழைவு வளைவருகே நின்று, நான் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தலையை ஆட்டினார். பாட்டன் தங்கக் கோயிலின் வாசல் குள்ளமானது. நான் தலையில் இடித்துக்கொண்டேன். வெளியே வரும்போது குனிய வேண்டும் என்று நினைவு வைத்திருந்து, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி இடித்தேன். அவர் வாசலில் தேய்த்துவிட்டார். பூகம்பத்தில் சரிந்த சுவர்களுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்திருந்த இடங்களில் மட்டும் அவர் முகம் தெளிந்தது. அந்த மரத்தைக் கையால் தட்டிப் பார்த்து, பரவாயில்லை என்பார்.

"ஒரு கோயிலுக்குள்ளயாவது வாங்கண்ணே. சாமி கோவிச்சுக்கும்" என்றேன்.

"நீ போயிட்டு வாடா. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா வெளிய யாரு இருக்கா?"

பூடாநீலகண்டாவுக்குப் போன அன்று மேகமாக இருந்தது. கோயில் என்று சொல்லக் கூரை கிடையாது. ஒரு குளம். குளத்துக்குள், பாம்புச் சுருளின் மேல், கறுத்த கல்லில் பெரிய பெருமாள் மல்லாக்கப் படுத்திருக்கிறார். நாம் மேலே கம்பி ஓரத்தில் நின்று குனிந்து பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகொண்ட பெருமாள் பக்கவாட்டில் படுத்திருப்பார், பார்க்கிறவனுக்கு முகம் காட்டி, சௌகரியமாக. இந்தப் பெருமாள் நேராக வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அதாவது, மேலே யார் வந்து நின்றாலும் அவரைப் பார்த்து.

உள்ளே வெளியே என்று இல்லாத இடம் என்பதால் இவரும் கம்பியருகே வந்துவிட்டார். அதுவே எனக்கு சந்தோஷமாக இருந்தது. நாலைந்து படி இறங்கினால் பாதத்தைத் தொடலாம், ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு காலைக் கீழே வைத்தேன்.

என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. கழுத்து நெரியும்படி பிடித்து இழுத்தது. நான் படியில் பொத்தென்று உட்கார்ந்தேன். பூக்காரி என்னவோ கத்தினாள். திரும்பிப் பார்த்தால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கீழே படுத்திருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிடியை விடவில்லை.

அன்றும் இப்படித்தான் பிடித்தார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கொப்பரைக்குள் காற்றை மறுபடி சோதிக்க வேண்டும். சோதித்துவிட்டதாகத்தான் சொன்னார்கள். பிகாஷ் இறங்கினான், இவரிடம் தங்கக் கோயிலைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டே இறங்கினான், பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் கீழே மல்லாந்து கிடந்தான். இவர் ஊதலை அடித்தார், ரேடியோவில் கத்தினார். அப்போதுதான் நான் விளக்கு ஒன்றைக் கொடுக்க மேலே ஏறி வந்திருந்தேன். பிகாஷை அப்படிப் பார்த்ததும் எனக்குள் எந்தக் கதாநாயகன் புகுந்தானோ, மேன்ஹோலுக்குள் காலை விட்டேன். என் உடம்புக்கு அந்த ஓட்டையில் இடுப்புக்கு மேல் போகாது, அது வேறு கதை. போயிருந்தால் கீழே இரண்டு பேர். அவர் என் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளி, ஓட்டையின் மேல் தானே குப்புறப் படுத்து அடைத்துக்கொண்டார். வெளிச்சத்தை உள்ளே பிடித்தபடி, "பிகாஷ், பிகாஷ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மீட்பு ஆட்கள் வந்து அவரை நகர்த்தும்வரை அப்படியேதான் கிடந்தார்.

குளத்தருகே அவர் கை மெல்லத் தளர்ந்தது.

"கண்ணு தொறந்துதான்டா இருந்துச்சு. என்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்."

விழுந்த சில நொடிகளிலேயே நினைவு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாரே என்றேன்.

"டாக்டரா குனிஞ்சு பாத்தாரு?"

விதிப்படி நடந்து இரண்டாவது மரணத்தைத் தடுத்ததற்காக அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. சான்றிதழும் ஒரு கம்பளியும் கொடுத்து, படம் எடுத்து, மெஸ் சுவரில் ஒட்டினார்கள். தடுக்கப்பட்ட அந்த இரண்டாவது பிணம் நான்தான், முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். எனக்கு ஒரு டீ கப்கூடத் தரவில்லை. கம்பளியை அவர் அன்றைக்கே ரூம் கூட்டுகிற பங்களாதேஷ்காரனிடம் கொடுத்துவிட்டார். தன் படத்தின் எதிரே உட்கார்ந்துதான் அவர் தினம் சாப்பிட வேண்டியிருந்தது. சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டார்.

பக்தபூருக்குக் கடைசி நாள் போனோம். ஐந்து அடுக்குக் கோயிலின் படிகளில் இரண்டு பக்கமும் கற்சிலைகளாகக் காவல் நிற்கிறார்கள். கீழே மல்லர்கள், அதற்கு மேல் யானைகள், சிங்கங்கள், இன்னும் ஏதேதோ. உங்க டிபார்ட்மெண்ட் ஆளுங்கண்ணே, எல்லாரும் வெளியதான் நிக்கிறாங்க என்றேன். சிரிக்கவில்லை. நேராகச் சந்துக்குள் நடந்தார்.

செங்கல் வீடு. குள்ளமான கதவு, ஏணி மாதிரி மரப்படி. அவர் தயங்கி நிற்பார், நான் பேசி உள்ளே அனுப்ப வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். யாரையும் எதுவும் கேட்காமல் குனிந்து உள்ளே போனார். நான் பின்னால் போய், வழக்கம் போல் இடித்துக்கொண்டேன்.

பிகாஷின் அம்மா தரையில் பாய் போட்டு உட்காரச் சொன்னாள். அவளுக்கு ஹிந்தி தெரியாது. பிகாஷின் தம்பிக்குத் தெரியும், இருபத்தைந்து வயசு இருக்கும், அண்ணனின் அதே கண். நடுவில் அவன் உட்கார்ந்தான். டீ வந்தது. அவர் டீயைத் தொடாமல், கேம்ப் ஹிந்தியில், தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். விதியைச் சொன்னார். தான் இறங்காததைச் சொன்னார். இறங்க வந்த என்னை இழுத்துப் போட்டதைச் சொல்லி என்னைக் காட்டினார். டீயில் பாதியை முடித்திருந்த நான், கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தேன். ஓட்டையை உடம்பால் அடைத்துக்கொண்டு பார்த்ததையும், கண் திறந்திருந்ததையும் கடைசியில் சொன்னார்.

தம்பி டீ கப்பை ஓரமாக நகர்த்தி வைத்தான். அம்மா அவன் முழங்காலைத் தட்டி என்னவோ கேட்டாள். அவன் இரண்டு வார்த்தை சொன்னான். கேம்ப்பில் நேபாளிகளோடு இருந்ததில் எனக்கு அவ்வளவு புரியும். கஷ்டப்படவில்லையாம், என்றான்.

இவருக்கும் புரிந்துவிட்டது. "நான் சொன்னது அது இல்ல. சரியாச் சொல்லு" என்றார் ஹிந்தியில்.

"பாய், எனக்குச் சொன்னீங்கல்ல, போதும். அவங்களுக்கு வேணாம்" என்றான் தம்பி.

அம்மா எழுந்து வந்து இவர் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகன் கஷ்டப்படாமல் போனான் என்று சொல்லத்தான் இந்த மனிதர் இத்தனை தூரம் வந்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இவர் கையை இழுக்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

தம்பி எங்களைச் சந்து முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டான். அங்கே வைத்துத் தன் ஃபோனை நீட்டினான். விசா. ஜுபைல். ஷட்டவுன் ஹெல்பர். வேறு கம்பெனி, அதே வேலை.

"போகாத" என்றார் இவர்.

அவன், அண்ணன் போன பிறகு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். டிக்கெட்கூட வந்துவிட்டதாம். உள்ளே இறங்கச் சொல்வார்களா என்று கேட்டான். புது ஆட்களைத்தான் முதலில் இறக்குவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"நீங்க அங்கதான் இருப்பீங்களா பாய்? மேல?"

நான் இடையில் புகுந்தேன். இவருக்கு ஃபைனல் எக்ஸிட் ஆகிவிட்டது, இனி டூட்டி எல்லாம் அண்ணி நிற்க வைக்கிற இடத்தில்தான் என்றேன். என் ஹிந்தியில் அது இன்னும் மோசமாக வந்திருக்கும். தம்பி மரியாதைக்குக்கூடச் சிரிக்கவில்லை.

அவர் அந்தப் பையனின் தோளைப் பிடித்தார். "கம்பெனி பேரச் சொல்லு" என்றார்.

ஊருக்கு வந்து ஐம்பது நாள்கூட அவர் இருக்கவில்லை. புது ஏஜெண்ட், புது மெடிக்கல், வயதைப் பார்த்துத் தட்டிக்கழித்தவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது மூன்றாவது வருஷம். பிகாஷின் தம்பி அவர் ரூமில்தான் இருக்கிறான். கதவை ஒட்டிய கட்டிலில் இவர், அதற்கு மேல்கட்டிலில் அவன். அவன் ஊருக்குத் திரும்பினால்தான் இவரும் திரும்புவாராம். அவனுக்கு ஊரில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. கல்யாணம் ஆனால் இன்னும் இரண்டு ஒப்பந்தமாவது நீட்டுவான் என்பது கேம்ப்பில் இருந்த எவனுக்கும் தெரியும்.

போன வாரம் அவர் மனைவி எனக்குப் பேசினார்கள். மூத்தவளுக்கு வளைகாப்பு, அதற்கும் வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம். சாமி கும்பிடப் போன மனுஷன் அங்கே என்னத்தைக் கண்டு மறுபடி ஓடினார் என்று கேட்டார்கள். நான் பூகம்பத்தில் சரிந்த கோயில்களைப் பற்றிச் சொன்னேன், குரங்கைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு கேட்டார்கள்.

"தம்பி, நெசத்தச் சொல்லுங்க. அவரு பாக்குறது ஆபத்தான வேலையா?"

"இல்ல அண்ணி" என்றேன். "சும்மா வெளிய நிக்கிற வேலதான்."